துறைமுகச் சுவரில் ஒரு பாரோமீட்டர்

வானத்தைப் பார்த்துப் பிழைக்கிற தொழிலாளர் எல்லா நாட்டிலும் உண்டு. உழவர் ஒரு பக்கம், கடலுக்குப் போகிற மீனவர் ஒரு பக்கம், பால்மரக் காட்டுக்குப் போன நம் தோட்டத்து மக்கள் ஒரு பக்கம். மற்றவர்களுக்கு மழை என்றால் குடையை எடுத்தால் போதும். இவர்களுக்கு மழை என்றால் அன்றைக்கு அடுப்பு எரியுமா என்ற கேள்வி.

பால் வெட்டியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரவு பெய்த மழையில் பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. வெட்டி முடித்த பிறகு கொட்டினாலோ, மங்கில் இருந்த பால் மழைத் தண்ணீரோடு வழிந்து போய்விடும். விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்கும்போதே அண்ணாந்து பார்த்து, "இன்னிக்கு வெட்டு உண்டா, இல்லையா?" என்று தண்டலைக் கேட்டுப் பழகிய மக்கள் நாம். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை, தும்பி தாழப் பறந்தால் மழை என்று பாட்டி சொன்ன கணக்கும் நமக்குத் தெரியும்.

எல்லா நாட்டிலும் ஒரு காலம் வரைக்கும் எறும்பும் தும்பியும்தான் வானிலை அறிக்கை. பிறகு ஒரு கண்ணாடிக் குழாய் வந்தது. அதற்குள் கொஞ்சம் பாதரசம். அதுதான் பாரோமீட்டர் என்கிற காற்றழுத்தமானி. இன்று பழம்பொருள் கடைகளில் மரச்சட்டம் போட்டு, பித்தளை முகப்போடு அழகுக்காகத் தொங்குகிறது. ஆனால் அந்தக் கருவி எத்தனையோ ஏழைகளின் உயிரைக் காத்திருக்கிறது. ஒரு முறை, அது சொன்னதைக் கேட்க முடியாமல் ஓர் ஊரே அழுதும் இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

காற்றுக்கு ஏது எடை?

"காத்துக்கு ஏதுங்க எடை? தராசுல நிக்குமா?" என்று நாம் கேட்கலாம். 400 ஆண்டுகளுக்கு முன்னால் படித்த அறிஞர்களில் பலரே அப்படித்தான் நினைத்தார்கள்.

அப்போது இத்தாலியில் பம்ப் வைத்துத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும், தண்ணீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் உறிஞ்சித் தூக்க முடியவில்லை. ஏன் என்று யாருக்கும் சரியாக விளங்கவில்லை. கலிலியோ என்ற பேரறிஞரின் கடைசி மூன்று மாதங்களில் அவர் கூடவே இருந்தவர் டொரிச்செல்லி. அவர்தான் இப்படி யோசித்தார்: தண்ணீரைப் பம்ப் இழுக்கவில்லை, வெளியே இருக்கிற காற்றுதான் தன் எடையால் அமுக்கி மேலே தள்ளுகிறது. 10 மீட்டர் தண்ணீரைத் தாங்குகிற அளவுதான் காற்றின் பலம்.

அதைச் சோதித்துப் பார்க்க 10 மீட்டர் குழாய்க்கு எங்கே போவது? பாதரசம் தண்ணீரைப்போல 13 மடங்குக்கும் மேல் கனமானது. ஆகவே குழாய் சுமார் ஒரு மீட்டர் நீளம் இருந்தால் போதும். 1643ஆம் ஆண்டு புளோரன்ஸ் நகரில், டொரிச்செல்லியின் யோசனைப்படி அவருடைய நண்பர் விவியானி அந்தச் சோதனையைச் செய்தார். ஒரு முனை மூடிய குழாயில் பாதரசத்தை நிரப்பி, வாயை விரலால் பொத்தி, பாதரசக் கிண்ணத்துக்குள் தலைகீழாக நிறுத்தி விரலை எடுத்தார். உள்ளே இருந்தது முழுக்கக் கொட்டவில்லை. கொஞ்சம் இறங்கி, சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுகொண்டது. கிண்ணத்தின்மேல் அமுக்கிய காற்று அதைத் தாங்கிப் பிடித்திருந்தது.

பிள்ளைகள் வீட்டிலேயே இதன் சாயலைப் பார்க்கலாம். பேசின் தண்ணீரில் ஒரு கண்ணாடி டம்ளரை முழுக்க முக்கி, உள்ளேயே கவிழ்த்து, வாய் தண்ணீரை விட்டு வெளியே வராதபடி மெல்லத் தூக்கிப் பாருங்கள். டம்ளருக்குள் தண்ணீர் அப்படியே நிற்கும். தாங்குவது காற்றுதான். கட்டைவிரல் நகம் அளவுள்ள இடத்தின்மேல் ஏறக்குறைய ஒரு கிலோ எடையோடு காற்று அமுக்குகிறது. உடம்புக்கு உள்ளிருந்தும் அதே அளவு எதிர்த்துத் தள்ளுவதால் நமக்கு அந்தப் பாரம் தெரிவதில்லை.

மலை ஏறிய குழாய்

இது சரிதானா என்று பிரெஞ்சு நாட்டில் பாஸ்கல் என்ற இளைஞர் பரிசோதிக்க நினைத்தார். காற்றுக்கு எடை உண்டு என்றால், மலை உச்சியில் தலைக்கு மேல் காற்று குறைவாகத்தானே இருக்க வேண்டும்? அங்கே பாதரசம் இறங்க வேண்டுமே!

பாஸ்கலுக்கு உடல்நலம் போதாது. தன் அக்காள் கணவர் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். 1648 செப்டம்பர் 19ஆம் நாள் அந்த மச்சான், ஊர்ப் பெரியவர்கள் சிலரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, பூய் த டோம் என்ற மலையில் ஏறினார். உயரம் 1,465 மீட்டர். நம் கேமரன் மலையில் தானா ராத்தா ஏறத்தாழ அந்த உயரந்தான். அடிவாரத்து மடத்தில் இன்னொரு குழாயை வைத்து, ஒரு துறவியை நாள் முழுதும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். மலை உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கி நின்றது. மடத்துக் குழாயிலோ அன்று முழுவதும் மாற்றமே இல்லை. காற்றுக்கு எடை உண்டு என்பது அன்றோடு நிச்சயமாயிற்று.

குழாய் புயலைச் சொன்னது

குழாயை ஒரே இடத்தில் வைத்துத் தினமும் பார்த்தவர்களுக்கு இன்னொரு வியப்பு காத்திருந்தது. பாதரசம் நாளுக்கு நாள் ஏறியது, இறங்கியது. இறங்கினால் பெரும்பாலும் காற்றும் மழையும் வந்தன. ஏறினால் வானம் வெளுத்தது.

ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத் தலைவராக இருந்த குவெரிக் என்பவர் தம் வீட்டுச் சுவரோடு ஒட்டித் தண்ணீரால் ஆன உயரமான குழாயை நிறுத்தியிருந்தார். அதற்குள் சின்ன மரப்பொம்மை ஒன்று மிதக்கும். நல்ல நாளில் பொம்மை மேலே வரும், கெட்ட நாளில் கீழே போய்விடும். 1660ஆம் ஆண்டு அந்தப் பொம்மை திடீரென்று மிகவும் கீழே இறங்கியதைப் பார்த்து, பெரும்புயல் வரப்போகிறது என்று அவர் முன்கூட்டியே சொன்னார். சொன்னபடி புயல் வந்தது.

காரணம் இதுதான். ஓரிடத்தில் காற்று சூடாகி மேலே எழும்பினால் அங்கே அழுத்தம் குறைகிறது. பள்ளத்தை நோக்கித் தண்ணீர் ஓடுவதுபோல, சுற்றிலும் உள்ள காற்று அந்த இடத்தை நோக்கி ஓடி வருகிறது. பள்ளம் எவ்வளவு ஆழமோ, காற்று அவ்வளவு வேகம். தமிழ்நாட்டு வானொலியில் கார்த்திகை மாதம் வந்தால் "காற்றழுத்தத் தாழ்வு" என்று சொல்லக் கேட்கிறோமே, அது இந்தப் பள்ளத்தைத்தான்.

பிறகு பணக்காரர் வீடுகளில் பாரோமீட்டர் ஓர் அலங்காரப் பொருளாயிற்று. கடிகாரம் போல வட்ட முகப்பு, ஒரு முள், சுற்றிலும் "புயல், கனமழை, மழை, மாற்றம், நல்ல வானிலை, வறட்சி" என்று எழுத்துகள். 1844இல் லூசியன் விடி என்ற பிரெஞ்சுக்காரர் பாதரசமே இல்லாத ஒன்றைச் செய்தார். காற்றை எடுத்துவிட்ட மெல்லிய உலோகப் பெட்டி ஒன்று உள்ளே இருக்கும். வெளிக்காற்று அமுக்கினால் அது சப்பும், தளர்ந்தால் உப்பும். அந்தச் சின்ன அசைவை நெம்புகோல்கள் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். கப்பலில் வைத்தாலும் சிந்தாது.

ஆனால் புயலில் சாகிறவன் பணக்காரன் வீட்டுக் கூடத்தில் இல்லையே. சின்னப் படகில் கடலுக்குப் போகிறவன் வீட்டில் பாரோமீட்டர் ஏது? அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு கப்பல் கேப்டன்.

ஏழை மீனவனுக்காக

அவர் பெயர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வின் என்ற அறிஞர் உலகம் சுற்றிய பீகிள் கப்பலின் கேப்டன். இளம் வயதில், 1829இல், தென் அமெரிக்கக் கரையோரம் பாரோமீட்டர் இறங்கியதை அவர் பொருட்படுத்தாமல் விட்டார். புயல் கப்பலைப் புரட்டிப் போட்டது. இரண்டு மாலுமிகள் செத்துப் போனார்கள். அந்தப் பாடத்தை அவர் கடைசிவரைக்கும் மறக்கவில்லை.

1854இல் பிரிட்டிஷ் அரசு அவரை வானிலைப் பிரிவுக்குத் தலைவராக்கியது. வசதியில்லாத மீனவக் குப்பங்களுக்கு அரசுச் செலவிலேயே பாரோமீட்டர் கொடுக்க அவர் ஏற்பாடு செய்தார். பெரிய எழுத்து, எளிய அமைப்பு, உறுதியான பெட்டி. துறைமுகத்தில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டினார்கள். படகுக்குப் போகிற வழியில் யாரும் நின்று பார்க்கலாம், காசு வேண்டாம். எப்படிப் பார்ப்பது என்றும் எளிய கையேடு எழுதினார். முகப்பில் எழுதியிருக்கும் சொல்லை நம்பாதே, முள் ஏறுகிறதா இறங்குகிறதா, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைப் பார் என்பதே அவர் போதனை.

1859 அக்டோபர் மாதம் ஆஸ்திரேலியாவிலிருந்து தங்கம் தேடியவர்களை ஏற்றி வந்த ராயல் சார்ட்டர் என்ற கப்பல், ஊர் சேர ஒரு நாள் இருக்கையில் வேல்ஸ் கரையில் மோதிச் சிதறியது. 400க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்த ஒரே புயலில் நூற்றுக்கும் அதிகமான கப்பல்கள் போயின. ஃபிட்ஸ்ராய் விடவில்லை. கரையோர ஊர்களிலிருந்து பாரோமீட்டர் கணக்கைத் தினமும் தந்தி மூலம் லண்டனுக்கு வரவழைத்தார். ஆபத்து தெரிந்தால் திரும்பத் தந்தி போகும். துறைமுகக் கம்பத்தில் கறுப்புக் கூம்பு ஏறும். எழுதப் படிக்கத் தெரியாதவனும் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். 1861இல் இது தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் லண்டன் நாளிதழில் வானிலை முன்னறிவிப்பும் வந்தது.

நல்லது செய்தால் எல்லாரும் கைதட்டுவார்களா? அறிவிப்பு தவறிய நாட்களில் பத்திரிகைகள் கேலி செய்தன. இது அறிவியலே இல்லை என்று சில அறிஞர்கள் குறை சொன்னார்கள். கூம்பு ஏறினால் படகு போகாது, படகு போகாவிட்டால் வருமானம் இல்லை என்று சில படகு முதலாளிகளும் முணுமுணுத்தார்கள். சொந்தப் பணத்தையும் பொது வேலைக்கே கரைத்திருந்த ஃபிட்ஸ்ராய், மனம் நொந்து 1865 ஏப்ரல் 30ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவர் போன மறு ஆண்டே புயல் எச்சரிக்கையை நிறுத்தினார்கள். அப்போது குரல் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? கடலை நம்பிப் பிழைத்தவர்கள். எங்களுக்கு அந்தக் கூம்பு வேண்டும் என்று கேட்டார்கள். சுமார் ஓராண்டுக்குப் பின் எச்சரிக்கை திரும்ப வந்தது. 2002ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வானொலியின் கடல் வானிலை அறிக்கையில் ஒரு கடற்பகுதிக்கு ஃபிட்ஸ்ராய் என்று பெயர் சூட்டினார்கள்.

சொன்னது கருவி, தள்ளியது வயிறு

இப்போது ஐமவுத் என்ற ஊருக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் தென்கிழக்குக் கரையில் உள்ள மீன்பிடி ஊர். அங்கேயும் துறைமுகத்தில் பொதுப் பாரோமீட்டர் இருந்தது.

1881 அக்டோபர் மாதம். அந்த வாரம் முழுக்க மோசமான வானிலை, படகுகள் கரையில் கிடந்தன. 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் கடல் அமைதியாக, வானம் தெளிவாக இருந்தது. ஆனால் பாரோமீட்டரைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். அது மிக மிகக் கீழே இறங்கியிருந்தது. வயதானவர்கள், வேண்டாம் என்று தலையை ஆட்டினார்கள்.

அவர்கள் தொழில் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பாருங்கள். நீளமான கயிறு, அதில் நூற்றுக்கணக்கான தூண்டில் முள். ஒவ்வொரு முள்ளிலும் சிப்பிச் சதையைக் கோர்ப்பது மனைவியும் பிள்ளைகளும். புருஷன் வெட்ட, பெண்டாட்டி பிள்ளை கூடவே போய் மங்கு துடைத்த நம் குடும்பங்கள் போலத்தான் அவர்களும். படகு போகாவிட்டால் இரை அழுகிப் போகும், வீட்டாரின் உழைப்பும் வீண். பல நாளாகக் காசைக் கண்ணால் காணவில்லை. ஒரு படகு கிளம்பினால் மற்றப் படகும் கிளம்பியாக வேண்டும், இல்லாவிட்டால் கோழை என்ற பேச்சு வேறு.

போனார்கள். நண்பகல் வாக்கில் வானம் இருண்டது. சூறாவளி அடித்தது. திரும்பி ஓடி வந்த படகுகளில் சில, துறைமுக வாயிலில் இருந்த பாறைகளில், கரையில் நின்ற மனைவி மக்கள் கண்ணெதிரே மோதி உடைந்தன. எட்டிப் பிடிக்கிற தூரந்தான், ஆனால் யாராலும் காப்பாற்ற முடியவில்லை. ஒரு படகு மட்டும் கரைக்கு வராமல் கடலிலேயே புயலைத் தாங்கி நின்று, இரண்டு நாள் கழித்து உயிரோடு வந்து சேர்ந்தது.

அந்த ஒரே நாளில் அந்தக் கரையோரத்தில் 189 மீனவர்கள் மாண்டார்கள். அவர்களில் 129 பேர் ஐமவுத் என்ற ஒரே ஊர்க்காரர்கள். கணவரைப் பறிகொடுத்த பெண்களும் பிள்ளைகளும் கடலைப் பார்த்தபடி நிற்கும் வெண்கலச் சிற்பம் ஒன்றை 2016இல் அந்த ஊரில் நிறுவினார்கள்.

அவர்களை அறியாமையால் செத்தவர்கள் என்று சொல்ல முடியுமா? கருவி இருந்தது. சரியாகச் சொன்னது. அவர்கள் படிக்கவும் படித்தார்கள். ஆனால் ஒரு நாள் கரையில் உட்கார்ந்தால் வீட்டில் கஞ்சிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அந்தப் பாரோமீட்டரிடம் பதில் இல்லை.

நம் நாட்டில் இது செல்லுமா?

"அப்படின்னா நம்ம தோட்டத்திலயும் ஒன்னு மாட்டினா மழை தெரிஞ்சிடுமா?" என்று கேட்பீர்கள். தெரியாது என்பதுதான் உண்மை.

பிரிட்டன் போன்ற நாடுகளில் அழுத்தம் நாளுக்கு நாள் பெரிதாக ஏறி இறங்கும். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் உள்ள நம் நாட்டில் அப்படி இல்லை. இங்கே பாரோமீட்டர் ஒரு கடிகாரம் போல நடக்கும். முற்பகலில் கொஞ்சம் ஏறும், பிற்பகலில் இறங்கும், இரவில் ஏறும், விடிவதற்குள் மறுபடி இறங்கும். வெயில் அடித்தாலும் மழை கொட்டினாலும் இந்த நடை பெரும்பாலும் மாறாது. நம் மாலை இடிமழை ஒரு டிவிஷனில் கொட்டும், அடுத்த டிவிஷனில் தூசி பறக்கும். அவ்வளவு சின்ன மேகத்தை அந்த முள் காட்டாது.

அதற்காக நம் பக்கம் புயலே வராது என்றும் சொல்லிவிட முடியாது. பூமத்தியரேகைக்கு இவ்வளவு அருகில் சூறாவளி உருவாகாது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2001 டிசம்பர் 27ஆம் நாள் வாமெய் என்ற புயல் வெறும் ஒன்றரை பாகை வடக்கே உருவாகி, தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது. ஜொகூரும் பகாங்கும் வெள்ளத்தில் தவித்தன.

இன்று நமக்கு உதவுவது துணைக்கோளும் ராடாரும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலைகளில் எச்சரிக்கை தருகிறது. அதன் மைசுவாச்சா என்ற கைப்பேசிச் செயலியை வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் போட்டுத் தருவார்கள். இடிமழை எச்சரிக்கையும் அதில் வரும். பல கைப்பேசிகளுக்குள் மணி அளவு பாரோமீட்டரே இருக்கிறது. அந்தக் காலத்து டொரிச்செல்லி பார்த்தால் மலைத்துப் போவார்.

பழைய பாதரசக் கருவி யாரிடமாவது இருந்தால் ஒரு வார்த்தை. பாதரசத்தின் ஆவி நஞ்சு. உடைந்தால் கையால் தொடாதீர்கள், துடைப்பத்தால் கூட்டாதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பி, சன்னலைத் திறந்துவிட்டு, விவரம் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். அந்த நஞ்சுக்காகவே, 2020க்குப் பிறகு பாதரசப் பாரோமீட்டர்களைப் புதிதாகச் செய்வதற்கு மினமாட்டா உடன்படிக்கை தடை போட்டிருக்கிறது.

கூம்பு ஏறினால் யார் பொறுப்பு?

எச்சரிக்கை இன்று நம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. ஐமவுத் மக்களின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. இடி இடிக்கும்போது செம்பனைக் குலை வெட்டுகிறவர் கையில் இருப்பது நீளமான அலுமினியக் கம்பு. மின்னலுக்கு அதைவிட நல்ல வழி வேண்டுமா? "இன்னும் நாலு மரந்தான், முடிச்சிட்டுப் போயிடலாம்" என்று சொல்ல வைப்பது எது? அன்றைக்கு அந்த மீனவரைத் தள்ளியதே இன்றும் தள்ளுகிறது.

இதற்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அப்படி விலகியதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. இது நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சட்டம். தொழிற்சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். இடி கேட்டால் எந்த நேரத்தில் வேலை நிற்கும், எந்தக் கொட்டகையில் ஒதுங்குவது, அந்த நேரத்துக் கூலிக்கு என்ன ஏற்பாடு என்று நிர்வாகத்தோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். மேகம் கறுத்த பிறகு பேசினால் காலம் கடந்துவிடும்.

இடி முழக்கம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். கம்பைக் கீழே போடுங்கள். தனி மரத்தடியில் நிற்காதீர்கள். கூரையும் சுவரும் உள்ள கட்டடத்துக்கோ, மூடிய லாரிக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகட்டும், பிறகு காட்டுக்குள் போகலாம். குலை மரத்திலேயேதான் இருக்கும், எங்கேயும் ஓடிவிடாது.